எட்டுக் கழகங்கள், 56 போட்டிகள்: மட்டக்களப்பில் ஒரு லீக் பருவத்தைத் தொடங்கி முடிப்பது எப்படி?

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் உதைபந்தாட்டத்துக்குக் குறைவில்லை. கழகத்தின் ஆண்டு நிறைவுக்கு ஒரு கிண்ணம், மறைந்த வீரரின் நினைவாக இன்னொன்று என்று விலகல் முறைச் சுற்றுப்போட்டிகள் அடுத்தடுத்து நடக்கின்றன. ஆனால் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த ஓர் அணி முதல் ஆட்டத்திலேயே பெனால்டியில் தோற்றால் அன்று மாலையே வீட்டுக்குப் போகவேண்டும். இருபது வயதுப் பையனுக்குத் தேவை கிண்ணத்தைவிட, வாரம் ஒரு நல்ல ஆட்டம். அதைத் தருவது லீக் மட்டுமே.

1888 இல் இங்கிலாந்தில் 12 கழகங்கள் சேர்ந்து உலகின் முதல் உதைபந்தாட்ட லீக்கைத் தொடங்கியதற்கும் இதுதான் காரணம். கிண்ணப் போட்டியில் தோற்றுவிட்டால் அடுத்த ஆட்டம் எப்போது என்று தெரியாது. பேசிவைத்த நட்புப் போட்டிகளும் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டன. ஒவ்வொருவரும் மற்ற எல்லாருடனும் சொந்த மைதானத்தில் ஒரு தடவை, வெளி மைதானத்தில் ஒரு தடவை ஆடவேண்டும் என்ற எளிய ஏற்பாடு அதைத் தீர்த்தது. இன்றுவரை உலகின் பெரும்பாலான முதல்தர லீக்குகள் அதே அச்சில்தான் ஓடுகின்றன.

லீக் தொடங்குவது எளிது, முடிப்பதுதான் கடினம். பாதியில் நின்றுபோகும் லீக்குகளைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் பணமல்ல. முதல் பந்து உதைபடுவதற்கு முன் எழுதியிருக்கவேண்டிய விதியை, சண்டை வந்தபின் எழுத உட்காருவதுதான் காரணம். கீழே உள்ளவை அந்த ஒழுங்கில் செல்கின்றன.

1. எத்தனை கழகம், எத்தனை வாரம்

கணக்கு இது: கழக எண்ணிக்கையை அதில் ஒன்று குறைத்த எண்ணால் பெருக்கினால் இரு சுற்று லீக்கின் மொத்தப் போட்டிகள் வரும். 8 கழகம் என்றால் 8 × 7 = 56 போட்டி, 14 வாரம். 10 கழகம் என்றால் 90 போட்டி, 18 வாரம். 12 என்றால் 132 போட்டி, 22 வாரம்.

நமக்கு எட்டே சரியான அளவு. வாரத்துக்கு நான்கு போட்டி. இரண்டு மைதானங்களில் சனிக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று என்று வைத்தால் போதும். பத்துப் பன்னிரண்டு கழகம் கேட்டு வந்தால் எல்லாரையும் திணிக்காமல் இரண்டு பிரிவாக்கி, கீழ்ப்பிரிவில் முதலிடம் பெறுபவர் மேலே ஏறட்டும், மேல்பிரிவில் கடைசியாக வருபவர் கீழே இறங்கட்டும். இறங்கும் பயம் இருந்தால்தான் ஆறாம், ஏழாம் இடத்து அணிகளும் கடைசி வாரம்வரை முழு அணியோடு வரும்.

2. நாட்காட்டி: மழைக்கும் கோயிலுக்கும் இடையில்

வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் இறுதியில் தொடங்கி ஜனவரிவரை நம் மைதானங்களைக் குளமாக்கும். நீர் வடிந்து, பெரும்போக அறுவடையும் சித்திரைப் புத்தாண்டும் முடிந்தபின் மே முதல் வாரத்தில் தொடங்குவதே பாதுகாப்பு. 14 ஆட்ட வாரம், 2 திருவிழா விடுப்பு, 2 ஒதுக்கு வாரம் ஆக 18 வாரம். செப்டெம்பர் தொடக்கத்துக்குள் கிண்ணம் கையில் இருக்கும்.

திருவிழா விடுப்பை ஊகத்தில் வைக்காதீர்கள், பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக் குறியுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் அந்த வாரம் ஒரு வீரர்கூட மைதானத்துக்கு வரமாட்டார். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம். கதிர்காமத்துக்கு நடந்து செல்வோர் கிளம்பினால் சில அணிகளில் மூன்று நான்கு பேர் குறைவார்கள்; அதற்காகப் போட்டியை ஒத்திவைக்க முடியாது என்று கழகங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, ஏறாவூர், காத்தான்குடிக் கழகங்கள் இருந்தால் நோன்பு மாதத்தையும் இரு பெருநாட்களையும் பாருங்கள். அவை ஒவ்வோர் ஆண்டும் பத்து, பதினொரு நாள் முன்னே நகர்வதால் சென்ற ஆண்டு அட்டவணையைப் பிரதியெடுக்க முடியாது. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைத் திகதிகளும் அப்படியே. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை அணிகளுக்கு ஓகஸ்டில் சிறுபோக அறுவடை தொடங்கும். அவர்களின் போட்டிகளை ஞாயிறுக்குத் தள்ளலாமா என்று அவர்களிடமே கேளுங்கள்.

ஒதுக்கு வாரங்களைக் கடைசியில் சேர்த்து வைப்பது பரவலாக நடக்கும் தவறு. ஒத்திவைத்த போட்டி மூன்று மாதம் தொங்கினால் புள்ளிப்பட்டியலை யாரும் நம்பமாட்டார்கள். ஒன்றை 7ஆம் வாரத்துக்குப் பின்னும், மற்றதை 12ஆம் வாரத்துக்குப் பின்னும் வையுங்கள். முதல் சுற்றுப் போட்டி எதுவும் இரண்டாம் சுற்றுக்குள் போகக்கூடாது என்பது விதியாக இருக்கட்டும்.

தொடக்க நேரம் பி.ப. 3.45. இரு பாதி, 15 நிமிட இடைவேளை, நீர் குடிக்கும் இடைநிறுத்தம், மேலதிக நேரம் எல்லாம் சேர்ந்து 5.45க்குள் முடியும். 4.30க்குத் தொடங்கினால் கடைசிப் பத்து நிமிடம் கோல்காப்பாளருக்குப் பந்து தெரியாது. குருமண்வெளி–மண்டூர் பாதையில் (மிதவைப் படகில்) ஆற்றைக் கடந்து வரும் அணி இருந்தால் பாதையின் கடைசி ஓட்டத்தையும் கேட்டு நேரத்தை முடிவுசெய்யுங்கள்.

3. போட்டி அட்டவணை

கையால் யோசித்து யாருக்கு யார் என்று எழுதத் தொடங்கினால் ஐந்தாம் வாரத்தில் சிக்கும். கழகங்களுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுத்து இந்த அட்டவணையைப் பயன்படுத்துங்கள். முதலில் உள்ள எண் சொந்த மைதானத்தில் ஆடுபவர்.

வாரம் 1: 1–8, 2–7, 3–6, 4–5
வாரம் 2: 8–5, 6–4, 7–3, 1–2
வாரம் 3: 2–8, 3–1, 4–7, 5–6
வாரம் 4: 8–6, 7–5, 1–4, 2–3
வாரம் 5: 3–8, 4–2, 5–1, 6–7
வாரம் 6: 4–8, 5–3, 6–2, 7–1
வாரம் 7: 8–7, 1–6, 2–5, 3–4

8 முதல் 14ஆம் வாரம்வரை இதே வரிசை, எண்கள் மட்டும் இடம் மாறும்: 8ஆம் வாரம் 8–1, 7–2 என்று போகும். பழைய சுழல் அட்டவணைகளில் இங்குள்ள 6ஆம், 7ஆம் வாரங்கள் முன்பின்னாக இருக்கும். அப்படியே இரண்டாம் சுற்றுக்குப் போனால் 1ஆம் எண் கழகம் தொடர்ந்து மூன்று வாரம் வெளியூரில் ஆட நேரும். மேலே அவை மாற்றப்பட்டுள்ளதால் எந்தக் கழகமும் தொடர்ச்சியாக இரண்டுக்கு மேல் வெளியே போகாது.

இந்த அட்டவணையில் நமக்கு மிகவும் உதவும் ஒரு குணம் உண்டு. 1உம் 5உம், 2உம் 6உம், 3உம் 7உம், 4உம் 8உம் ஒருபோதும் ஒரே வாரத்தில் சொந்த மைதானத்தில் இருப்பதில்லை. ஒரே ஊரில் இரண்டு கழகங்கள் ஒரே மைதானத்தைப் பகிர்ந்தால் அவற்றுக்கு இந்தச் சோடிகளில் ஒன்றைக் கொடுங்கள். மைதானச் சண்டை பருவம் முழுவதும் வராது. மற்ற எண்களைத் திருவுளச்சீட்டில், எல்லாக் கழகச் செயலாளர்களின் முன்னிலையில் எடுங்கள்.

ஏழு கழகம்தான் வந்ததென்றால் 8ஆம் எண்ணை வெறுமையாக விடுங்கள். அதனுடன் மோதவேண்டியவருக்கு அந்த வாரம் ஓய்வு.

4. முதல் பந்துக்கு முன் எழுதவேண்டிய விதிகள்

இதுதான் முழு வேலையின் முதுகெலும்பு. ஒவ்வொரு விதியையும் ஒரே பொருள் தரும்படி எழுதி, எல்லாக் கழகத் தலைவர்களிடமும் செயலாளர்களிடமும் கையொப்பம் வாங்குங்கள்.

புள்ளி: வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1. வெற்றிக்கு 2 என்றிருந்த காலத்தில் வெளியூரில் ஒரு புள்ளிக்காகத் தடுத்தாடுவது இலாபமாக இருந்தது. இங்கிலாந்து 1981 இல் மூன்றுக்கு மாறியது, உலகக் கிண்ணம் 1994 இல்.

சமபுள்ளி: இங்கேதான் பெரிய சண்டைகள் பிறக்கின்றன. இங்கிலாந்தில் கோல் வித்தியாசம் (அடித்த கோல்களிலிருந்து வாங்கியவற்றைக் கழித்தால் வருவது) முதலில் பார்க்கப்படும். 2011–12 பருவத்தில் மன்செஸ்டரின் இரண்டு கழகங்களும் 89 புள்ளியில் நின்றபோது, +64 வைத்திருந்த சிற்றி, +56 வைத்திருந்த யுனைட்டெட்டை முந்தியது. 1988–89 இல் ஆர்சனலும் லிவர்பூலும் 76 புள்ளி, +37 என்று அதிலும் சமமாகி, 73 கோல் அடித்த ஆர்சனல் 65 அடித்த லிவர்பூலை வென்றது. ஸ்பெயினிலோ இரு அணிகளும் தமக்குள் ஆடிய போட்டிகளின் முடிவே முதலில்.

நம்முடைய லீக்குக்கு ஸ்பெயின் முறையே பொருத்தம். பருவத்தின் பின்பாதியில் ஒரு பலவீனமான அணி ஒன்பது பேரோடு வந்து 11–0 என்று தோற்பது நடக்கக்கூடியது. அந்த அணியை ஐந்தாம் வாரத்தில் சந்தித்தவருக்கும் பதின்மூன்றாம் வாரத்தில் சந்தித்தவருக்கும் கிடைக்கும் கோல் வித்தியாசம் ஒன்றல்ல. சம்பியன் யார் என்பதைத் தோற்றுப்போனவர் தீர்மானிக்கக் கூடாது. ஆகவே வரிசை: தமக்குள் ஆடிய போட்டிகளின் புள்ளி, அவற்றின் கோல் வித்தியாசம், முழு லீக்கின் கோல் வித்தியாசம், அடித்த கோல்கள், இறுதியில் நடுநிலை மைதானத்தில் ஓர் ஆட்டம். மூன்று அணி சமமானால் அந்த மூன்றும் தமக்குள் ஆடிய ஆறு போட்டிகளை மட்டும் கொண்டு தனிப் பட்டியல் போடவேண்டும். இரு சுற்றும் முடியாமல் இதைப் பயன்படுத்த முடியாது; பருவத்தின் நடுவில் பட்டியலைக் கோல் வித்தியாசப்படி வெளியிட்டு, அது தற்காலிகம் என்று அடியில் எழுதுங்கள்.

வோக்ஓவர் (எதிரணி வராததால் கிடைக்கும் வெற்றி): குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடம் காத்திருப்பு, பின் 3–0. ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடங்கவோ தொடரவோ முடியாது என்பது ஆட்ட விதி. இடையில் ஏழுக்குக் கீழே போய் ஆட்டம் நின்றால், எதிரணி ஏற்கெனவே 5–0 என்று முன்னிலையில் இருந்தால் அந்த 5–0 நிற்கட்டும், 3–0 ஆகக் குறைக்காதீர்கள். இரண்டு வோக்ஓவர் கொடுத்த கழகம் நீக்கப்படும் என்று எழுதாவிட்டால் கடைசி மூன்று வாரம் வெறிச்சோடும்.

விலகல்: முதல் சுற்று முடியுமுன் ஒரு கழகம் விலகினால் அதன் எல்லா முடிவுகளையும் பட்டியலிலிருந்து நீக்குங்கள். முதல் சுற்று முழுமையாக முடிந்தபின் விலகினால் முதல் சுற்று முடிவுகள் நிற்கட்டும், இரண்டாம் சுற்றில் ஆடியவை மட்டும் நீங்கட்டும். எல்லாரும் அந்தக் கழகத்தை ஒரு தடவை சந்தித்துவிட்டார்கள் என்பதால் இதில் யாருக்கும் அநியாயம் இல்லை. மீதிப் போட்டிகளுக்கு 3–0 வழங்குவது நியாயம்போலத் தெரியும். ஆனால் ஏற்கெனவே அவர்களிடம் சமநிலை கண்ட அணி தண்டிக்கப்படும்.

இடைநின்ற போட்டி: மழை, மின்னல், இருட்டால் நின்றால், நின்ற நிமிடத்திலிருந்து, அதே கோல் கணக்கு, அதே அட்டைகள், களத்திலிருந்த அதே வீரர்களோடு தொடர்வதே சரி. மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் 30 செக்கனுக்குக் குறைந்தால் எல்லாரும் கட்டடத்துக்குள் போகவேண்டும். கடைசி முழக்கத்திலிருந்து 30 நிமிடம் கழித்தே திரும்பலாம். மரத்தடியும் தகரக் கொட்டிலும் பாதுகாப்பல்ல.

மாற்று வீரர்: ஐந்து பேர்வரை, மூன்று தடவைகளில், இடைவேளையில் மாற்றுவது அந்த மூன்றில் சேராது. வெளியேறியவர் திரும்ப வரமுடியாது. ஊர்ப் போட்டிகளில் திரும்ப வர விடுவது பழக்கமாகிவிட்டதால் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

ஒழுக்காற்றுக் குழு: மூன்று பேர். எந்தக் கழகத்தின் நிர்வாகியும் அதில் இருக்கக்கூடாது, அரசியல்வாதியும் கூடாது. வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி ஃபிஃபா 2023 ஜனவரியில் இலங்கையை இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. பிரமுகர் கிண்ணம் வழங்கட்டும், முடிவு வழங்கவேண்டாம்.

5. வீரர் பதிவு

கழகத்துக்கு 25 பேர். அடையாள அட்டைப் பிரதி, புகைப்படம், வீரரின் கையொப்பம், அட்டை எடுக்காத இளையவருக்குப் பிறப்புச் சான்றிதழ். ஒரு வீரர் ஒரு கழகம். மாறுவதற்கு 7ஆம் வாரத்துக்கும் 8ஆம் வாரத்துக்கும் இடையில் மட்டும் ஒரு வாய்ப்பு, பழைய கழகத்தின் கடிதத்தோடு.

ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருப்பார்கள், ஆகவே பதிவை அடையாள அட்டை எண்ணில் வையுங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு: பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். ஒரே ஆள் பழைய அட்டையோடு ஒரு கழகத்திலும் புதியதோடு இன்னொன்றிலும் பதிந்தால் பட்டியல் பிடிக்காது. பழைய எண்ணின் முன் 19 சேர்த்து, அந்தப் பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியம் நுழைத்து, எழுத்தை விட்டால் புதிய எண் வரும். எல்லாவற்றையும் அப்படி மாற்றி எழுதினால் இரட்டைப் பதிவு தானாக வெளிப்படும்.

புதிய வீரர் பதிவு மூன்றாம் வாரத்தோடு மூடப்படட்டும். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் வீரரைக் கடைசி வாரத்தில் இறக்கி சம்பியனாகும் வழக்கத்தை இது நிறுத்தும்.

6. மைதானம்

சட்டம் 90–120 மீற்றர் நீளத்தையும் 45–90 மீற்றர் அகலத்தையும் அனுமதிக்கிறது. 100 × 64 நல்ல அளவு. மட்டக்களப்பு வெபர் மைதானம் போன்ற பெரிய இடம் கிடைத்தாலும் எல்லா மைதானத்தையும் முடிந்தவரை ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

மூலை செங்கோணமாக வர, ஒரு கோட்டில் 6 மீற்றர், மற்றதில் 8 மீற்றர் அளந்து, இரு முனைக்கும் இடையில் 10 மீற்றர் வருகிறதா என்று பாருங்கள். நான்கு மூலையும் போட்டபின் குறுக்காக அளந்தால் 100 × 64 க்கு 118.7 மீற்றர் இரண்டு பக்கமும் வரவேண்டும். கோல் 7.32 × 2.44 மீற்றர். பெனால்டிப் பகுதி கம்பத்தின் உட்புறத்திலிருந்து 16.5 மீற்றர், முழு அகலம் 40.32. கோல் பகுதி 5.5 மீற்றர், அகலம் 18.32. பெனால்டிப் புள்ளி 11, நடுவட்டத்தின் ஆரை 9.15, மூலைக் கால்வட்டத்தின் ஆரை 1 மீற்றர், கொடிக்கம்பு 1.5 மீற்றருக்குக் குறையக்கூடாது. கோடுகள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 700 மீற்றர், அகலம் 12 சென்ரிமீற்றருக்கு மேற்படக்கூடாது. நீறாத சுண்ணாம்பை ஒருபோதும் தூவாதீர்கள். வியர்வை பட்டால் தோலையும் கண்ணையும் எரித்துவிடும். சோக்குத் தூளோ நீர் கலந்த வெள்ளைப் பெயின்றோ போதும்.

நடமாடும் கோல் கம்பங்களைக் கட்டாயம் நிலத்தோடு பிணையுங்கள். நம் கரையோர மணலில் சிறிய ஆப்பு பிடிக்காது. பின்சட்டத்தில் மணல் மூட்டைகளை வைத்துக் கட்டுங்கள். போட்டி இல்லாத நேரத்தில் சிறுவர் தொங்கி, கம்பம் சரிந்து விழுவதுதான் மைதானத்தில் நடக்கக்கூடிய ஆகக் கொடிய விபத்து.

பந்து 5ஆம் அளவு, சுற்றளவு 68–70 சென்ரிமீற்றர், அமுக்கம் 0.6–1.1 வளிமண்டலம். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் தரை பாறைபோல இறுகும், 0.7க்கு அருகே வைத்தால் பந்து தலைக்கு மேல் துள்ளாது. போட்டிக்கு மூன்று பந்து, 60 லீற்றர் குடிநீர், ஐஸ், ஸ்ரெச்சர், தயார் நிலையில் ஒரு வாகனம். ஒவ்வொரு பாதியின் நடுவிலும் மூன்று நிமிடத்துக்கு மேற்படாத குளிர்விப்பு இடைநிறுத்தம்.

7. போட்டி நாளும் மறுநாளும்

வீரர் பட்டியல் ஆட்டத்துக்கு 45 நிமிடம் முன் மத்தியஸ்தரிடம். அடையாள அட்டையும் அப்போதே சரிபார்க்கப்படும். ஒரு கழகத்தின் ஊரைச் சேர்ந்த மத்தியஸ்தரை அந்தக் கழகத்தின் போட்டிக்குப் போடாதீர்கள். வார இறுதியில் இரு மூவர் குழு, அதாவது ஆறு பேர் போதும். கொடுப்பனவை அன்றே மைதானத்திலேயே கொடுங்கள். பாக்கி வைத்தால் ஆறாம் வாரத்தில் மத்தியஸ்தர் கிடைக்கமாட்டார்.

அறிக்கை 24 மணி நேரத்துக்குள். அட்டைகளுக்குத் தனிப் பதிவேடு: நான்கு மஞ்சளுக்கு ஒரு போட்டித் தடை, சிவப்புக்குக் குறைந்தது ஒன்று. யார் அடுத்த வாரம் ஆடமுடியாது என்பதைப் புதன்கிழமைக்குள் லீக் தானே இரு கழகங்களுக்கும் எழுதி அனுப்பவேண்டும். தடை பெற்றவரை அறியாமல் இறக்கி மூன்று புள்ளியை இழந்த கழகம் லீக்கையே வெறுக்கும்.

பட்டியலை வெளியிடுமுன் நான்கு சோதனை செய்யுங்கள். அடித்த கோல்களின் கூட்டும் வாங்கியவற்றின் கூட்டும் சமம். கோல் வித்தியாசங்களைக் கூட்டினால் பூச்சியம். மொத்த வெற்றி மொத்தத் தோல்விக்குச் சமம். மொத்தப் புள்ளி, முடிவு கண்ட போட்டிகள் × 3, சமநிலைகள் × 2 ஆகியவற்றின் கூட்டு: 20 போட்டியில் 6 சமநிலை என்றால் 42 + 12 = 54. ஒன்று பிசகினாலும் எங்கோ ஒரு முடிவு தவறாக ஏறியிருக்கிறது.

8. 14ஆம் வாரம்

கடைசி வாரத்தின் நான்கு போட்டிகளும் ஒரே நாளில், ஒரே நிமிடத்தில் தொடங்கவேண்டும். 1982 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முதல் நாளே முடித்துவிட்டது. மறுநாள் ஆடிய மேற்கு ஜேர்மனிக்கும் ஒஸ்ரியாவுக்கும் 1–0 என்ற முடிவு இருவரையும் அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் என்று தெரியும். பத்தாவது நிமிடத்தில் ஜேர்மனி கோல் அடித்தபின் இரு அணியும் பந்தைத் தட்டிக்கொண்டே பொழுதைப் போக்கின, அல்ஜீரியா வெளியேறியது. 1986 முதல் உலகக் கிண்ணத்தில் ஒவ்வொரு குழுவின் கடைசி ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

நமக்கு இது நான்கு மைதானம், பன்னிரண்டு மத்தியஸ்தர் என்று பொருள். மட்டக்களப்பிலிருந்து கல்முனைவரை நான்கு மைதானங்களை ஜூன் மாதமே எழுத்தில் ஒதுக்குங்கள், பக்கத்து மாவட்ட மத்தியஸ்தர் சங்கத்திடம் ஆறு பேரை முன்கூட்டியே கேளுங்கள். கிண்ணம் இரண்டு இடத்தில் முடிவாகலாம் என்பதால் பரிசளிப்பை அன்று வைக்கவேண்டாம்.

முறைப்பாட்டுக்கு 48 மணி நேரம். அது கழிந்தபின் இறுதிப் பட்டியலில் குழுவினர் மூவரும் கையொப்பமிட்டு, எட்டுக் கழகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். அனுபவித்து முடியாத தடைகளை அட்டைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பெயரும் அடையாள எண்ணுமாக எழுதிவையுங்கள். அடுத்த மே மாதம் முதல் வாரத்தில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறக்கவேண்டும்.